தகட்டில் விழுந்த வெயில்

மூன்றாவது தகடும் பாழ். சூடு ஆறாத அச்சு இயந்திரத்தைத் திறந்து பார்த்த இருதயநாதன் அப்படியே நின்றார். ஆற்றுத் தண்ணீரில் வெயில் மின்ன வேண்டிய இடத்தில் பித்தளைக் குண்டான் நிறம் அசடு வழிந்தது.

"மஞ்சளை அள்ளிக் கொட்டினீங்களா அண்ணே? இது ஓவியம். சாம்பார் இல்ல," என்றாள் ஃபிளோரா.

அவரைவிடப் பதினைந்து வயது சின்னவள். ஆனால் புதுச்சேரியில் அந்த அச்சுக்கூடத்துக்கு அவள்தான் மாஸ்டர். சின்னச் சின்னத் தீற்றல்களால் ஆன பழைய பிரெஞ்சு இம்ப்ரெஷனிச ஓவியங்களை அலுமினியத் தகட்டில் அச்சடித்துத் தருவாள். மச்சானின் இரும்புக்கடையில் வசவு வாங்கிச் சலித்துப்போய்த்தான் இருதயநாதன் அவளிடம் தொழில் கற்க வந்தார். இந்தப் படம் சரியாக வந்தால் இயந்திரம் அவர் கையில். வராவிட்டால் பழையபடி மச்சான், இரும்பு, வசவு.

மிச்சம் இருந்தது ஒரே தகடு. படம் வாங்குகிறவர் மதியம் வந்துவிடுவார்.

"ஒவ்வொரு தடவையும் கூடத்தான் போடறேன் மாஸ்டர். இன்னும் மங்குது. வெளிச்சம் எந்த மையில இருக்கு? அதச் சொல்லுங்க மொதல்ல."

ஃபிளோரா அந்த வெறும் தகட்டை எடுத்து ஜன்னலுக்கு நேரே சாய்த்தாள். வெயில் பளீரென்று அவர் கண்ணில் அடித்தது. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"இது எந்த மை?"

"மையே இல்லையே. சும்மா தகடு."

"அப்புறம் ஏன் அத மூடுறீங்க?"

அவர் கணினி முன் போய் உட்கார்ந்தார். தண்ணீரில் சூரியன் விழுந்த இடத்தில் இருந்த மஞ்சளையெல்லாம் அழித்தார். தகடு இயந்திரத்துக்குள் போனது.

அது வேகும்போதே மச்சான் போனில் வந்தான். "என்ன ஓவியரே, முடிஞ்சுதா? திங்கக்கிழமை லோடு வருது. தூக்க ஆளில்ல."

இருதயநாதன் போனை வைத்தார்.

வெளியே வந்த தகட்டைச் சுவரில் சாய்த்து, மூக்கு முட்டக் குனிந்தார். நீலத் தீற்றல். ஊதாத் தீற்றல். சூரியன் இருக்க வேண்டிய இடத்தில் கறுப்பாக ஏதோ அசைந்தது.

"ஓட்டை மாதிரி இருக்கு மாஸ்டர்! ஒரே இருட்டு!"

"அது உங்க தலைண்ணே. தள்ளுங்க."

கீழே ஆட்டோ வந்து நின்றது. யாரோ படியேறும் சத்தம். இருதயநாதன் மேசையிலிருந்த தூரிகையை எடுத்து மஞ்சள் பெயின்டில் தோய்த்தார்.

ஃபிளோரா வாசலுக்குப் போயிருந்தாள். அங்கிருந்து தகட்டைத் திரும்பிப் பார்த்தவளுக்கு, தண்ணீரில் வெயில் மின்னிக் கண் கூசியது. கையை நெற்றியில் வைத்துக்கொண்டாள்.

"பிரஷ்ஷக் கீழ வச்சிட்டு இங்க வாங்க. நான் நிக்கிற எடத்துல வந்து நின்னு பாருங்க."

"ஒரே ஒரு பொட்டு மாஸ்டர். யாருக்கும் தெரியாது."

"வாங்கண்ணே."

அவர் போகவில்லை. தூரிகைதான் தகட்டை நோக்கிப் போனது.