விடுபட்ட வியாழக்கிழமை

“மிருதுளாவுக்கு என்னக்கா கவலை? அவங்க வீட்டுல ஒரு சாவு இருக்கு.”

மாடிப்படித் திருப்பத்தில் நின்று ஓர் அம்மா இன்னோர் அம்மாவிடம் சொன்னது இது. கீழே மருந்துக்கடை, மேலே ரெபேக்கா மிஸ்ஸின் கட்டுரைப் பயிற்சி வகுப்பு.

“நம்ம பசங்களுக்கு என்ன இருக்கு, சொல்லுங்க. என் பையன் நல்லா சாப்பிட்டான், நல்லா தூங்குனான். எட்டாவதுல ஒரு தடவை அம்மை போட்டுச்சு. அதை வச்சு எத்தனை பக்கம் எழுத முடியும்?”

ராஜமாணிக்கம் படியேறிக்கொண்டிருந்தார். மிருதுளா அவருடைய மகள். செத்துப்போனவன் அவருடைய மகன்.

அவரைப் பார்த்ததும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி, “வாங்கண்ணா, சாப்டீங்களா?” என்று கேட்டாள்.

சாப்பிட்டேன் என்று சொல்லிவிட்டு மேலே போனார்.

*

மிருதுளா சேர விரும்பிய பல்கலைக்கழகம் நூறு பேரில் நான்கு பேரை எடுக்கும். விண்ணப்பிக்கிற எல்லோருக்கும் மதிப்பெண் ஏறக்குறைய ஒன்றுதான். கடைசியில் தீர்மானிப்பது ஒரு கட்டுரை. உன்னைப் பற்றிச் சொல் என்பதுதான் தலைப்பு.

ரெபேக்காவுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அவர் எந்தக் கட்டுரையையும் திருத்துவதில்லை. படித்துவிட்டுப் பென்சிலால் ஒரே ஒரு கோடு போடுவார். அடுத்த வாரம் மறுபடி எழுதி வரவேண்டும். அப்போது இன்னொரு கோடு.

ராஜமாணிக்கம் உட்காரவில்லை.

“வீட்டுல ஒரு சாவு இருந்தா இடம் கிடைக்குமா மேடம்?”



“சில சமயம் கிடைக்குது சார்.”

மிருதுளா எதைப் பற்றி எழுதியிருக்கிறாள் என்று ராஜமாணிக்கம் கேட்டார். ரெபேக்கா தாளை எடுத்துக் காட்டினார். தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்கும் பெண்கள் வரிசையில் குடத்தை வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஆள் இல்லாவிட்டாலும் அந்தக் குடத்தை ஒருவரும் தாண்டுவதில்லை. அதைப் பற்றி எழுதியிருந்தாள்.

“குடத்தைப் பத்தி எழுதினா யாரு மேடம் எடுப்பாங்க?”

ரெபேக்கா தாளைத் திரும்ப எடுத்து வைத்தார்.

*

வீட்டில் மிருதுளாவிடம் கேட்டார். அண்ணனைப் பற்றி எழுதமாட்டேன் என்றாள். ஏன் என்று கேட்டதற்குத் துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போய்விட்டாள்.

அதனால் அவரே எழுதினார். மகள் எழுதுவதுபோல, தமிழில். ஆங்கிலத்தில் மாற்றுவது பெரிய வேலை இல்லை என்று நினைத்தார்.

*புதன்கிழமை வரை என் அண்ணன் முகுந்தன் நன்றாக இருந்தான். வெள்ளிக்கிழமை அவனுக்குக் காய்ச்சல் வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். செவ்வாய்க்கிழமை போய்விட்டான். அவனுக்குப் பதினாறு வயது, எனக்கு ஒன்பது. டெங்குவுக்கு மருந்து கண்டுபிடிப்பேன் என்று அன்று முடிவு செய்தேன்.*

இரண்டு பக்கம் வந்தது. எழுதும்போது இரண்டு இடத்தில் அவருக்கே கண் கலங்கியது. நல்ல கட்டுரை என்று தோன்றியது.

ரெபேக்கா முழுவதும் படித்தார். முதல் வாக்கியத்துக்கும் இரண்டாம் வாக்கியத்துக்கும் நடுவில் ஒரு சின்னக் கோடு போட்டார்.

“என்ன மேடம்?”

“இங்க ஒரு நாள் குறையுது சார்.”

அன்றைக்கு ஒன்றும் நடக்கவில்லை என்றார் ராஜமாணிக்கம். ரெபேக்கா தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

*

ராஜமாணிக்கம் நில அளவையர். இருபத்தாறு வருட வேலையில், அளவு ஓர் அடி இடித்தாலும் வயலின் முதல் மூலைக்குத் திரும்பிப்போய் மறுபடி அளப்பார். விவசாயிகள் அவரைக் கேலி செய்வார்கள். சார் அளக்க வந்தா நாத்து முத்திப்போகும் என்பார்கள்.

அடுத்த வாரம் ஒரு வரி சேர்த்துக்கொண்டு போனார்.

*வியாழக்கிழமை வழக்கம்போலப் பயிற்சி வகுப்புக்குப் போனான்.*

ரெபேக்கா ‘வழக்கம்போல’ என்ற சொல்லின் கீழே கோடு போட்டார்.

“இது மிருதுளாவோட கட்டுரை. அன்னைக்கு அவ எங்க இருந்தா?”

“சின்னப் பொண்ணு மேடம். அவளுக்கு என்ன தெரியும்?”

“கேட்டுட்டு வாங்க சார்.”

“இப்படி ஒவ்வொரு வாரமும் ஒரு கோடு போட்டா வாய்ப்பு கூடுமா?”

ரெபேக்கா பென்சிலைச் சீவத் தொடங்கினார்.

*

அந்த வியாழக்கிழமை அவர் மனைவி பூங்கொடி ஊரில் இல்லை. தங்கை செல்வராணியின் பிரசவத்துக்காகக் காரைக்குடி போயிருந்தார். அன்று மத்தியானம் பெண் குழந்தை பிறந்தது. வெள்ளிக்கிழமை மாலை அவர் திருச்சி திரும்பியபோது முகுந்தன் படுத்திருந்தான். காலையில்தான் லேசாகச் சுட்டது என்று ராஜமாணிக்கம் சொன்னார்.

அதன்பிறகு எட்டு வருடமாகப் பூங்கொடி காரைக்குடிக்குப் போகவில்லை. அந்தக் குழந்தையின் முகத்தை மறுபடி பார்த்ததில்லை. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் செல்வராணி போன் செய்வாள். அது அடித்து ஓயும்வரை பூங்கொடி அடுப்படியில் நிற்பார்.

யாராவது ஏன் என்று கேட்டால் ஒன்றுதான் சொல்வார்.

“நான் பக்கத்துல இருந்திருந்தா நெத்தியத் தொட்டுப் பார்த்திருப்பேன். அங்க போய் உக்காந்துட்டேன்.”

ராஜமாணிக்கம் அதை எட்டு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

*

மிருதுளா குழாயடியில் வரிசைக்காக நின்றிருந்தாள். ராஜமாணிக்கம் அவள் பக்கத்தில் போய் நின்று, அந்த வியாழக்கிழமை நீ எங்கே இருந்தாய் என்று கேட்டார்.

அவள் குடத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

“வாசல் கேட்டுகிட்ட இருந்தேன். குனிஞ்சா தலை சுத்துதுன்னு சொன்னான். நான்தான் ஷூ லேஸ் கட்டிவிட்டேன். கால் கொதிச்சது.”

“நீ இத்தனை நாள் சொல்லவே இல்லையேம்மா.”

“நீங்களும் சொல்லலையேப்பா.”

வரிசை நகர்ந்தது. அவள் குடத்தைக் காலால் முன்னே தள்ளினாள்.

“அண்ணனைப் பத்தி எழுதினா அதையும் எழுதணும். எழுதினா அம்மா படிப்பாங்க.”

*

அன்று அலுவலகத்துக்கு விடுப்புச் சொல்லிவிட்டு அவர் வியாழக்கிழமையை எழுதினார். இந்தமுறை மகளின் குரலில் எழுத வரவில்லை. தன் பெயரிலேயே எழுதினார். ஒரு பக்கத்துக்கு மேல் வரவில்லை.

விண்ணப்பத்துக்குக் கடைசி நாள் அது. மத்தியானம் கொண்டுபோய்க் கொடுத்தார்.

ரெபேக்கா படித்தார். மறுபடி முதலிலிருந்து படித்தார். பென்சில் மேசைமேலேயே கிடந்தது.

வாய்ப்பு கூடுமா என்று ராஜமாணிக்கம் கேட்கவில்லை.

ரெபேக்கா அந்தத் தாளை மடித்து ஓர் உறைக்குள் வைத்தார். உறையின் மேல் எதுவும் எழுதவில்லை. அதை அவர் பக்கம் நகர்த்தி, பென்சிலையும் அதன்மேல் வைத்தார்.

பிறகு கணினியின் பக்கம் திரும்பினார்.

“அப்ப அங்க குடம்தான் போகுதா மேடம்?”

“குடம்தான் சார்.”

அவர் அனுப்புவதை ராஜமாணிக்கம் நின்று பார்த்தார். பிறகு பென்சிலை எடுத்து உறையின்மேல் ஒரு பெயர் எழுதிக்கொண்டு படியிறங்கினார்.

*

பூங்கொடி கூடத்தில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். உறையில் தன் பெயரைப் பார்த்ததும், “என்ன இது, புதுசா?” என்று சிரித்தார். கையெல்லாம் கீரை, நீங்களே படிங்க என்றார்.

ராஜமாணிக்கம் தரையில் உட்கார்ந்தார். படித்தார்.

*புதன்கிழமை ராத்திரியே காய்ச்சல் வந்துவிட்டது. வியாழக்கிழமை மாதிரித் தேர்வு. அதை விட்டால் ரேங்க் போய்விடும் என்று நான்தான் சொன்னேன். மாத்திரை கொடுத்து ஸ்கூட்டரில் உட்காரவைத்தேன். மூன்று மணி நேரம் எழுதினான். திரும்பி வரும்போது முதுகில் சாய்ந்துகொண்டான். சட்டை வழியாகச் சுட்டது. சித்திக்குப் பாப்பாவா தம்பியா என்று அம்மாவிடம் போனில் கேளுங்கள் என்றான். அப்புறம் கேட்கலாம், போய்த் தூங்கு என்றேன். போன் செய்தால் நீ அவனைப் பற்றிக் கேட்பாய் என்று பயந்தேன்.*

*சனிக்கிழமை டாக்டர் எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டார். நீ பக்கத்தில் நின்றிருந்தாய். நேற்றிலிருந்து என்று சொன்னேன். ஒரு நாள் காய்ச்சல்தானே, ரத்தப் பரிசோதனை இப்போது வேண்டாம் என்று மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பினார்.*

*இது நீ ஊரில் இல்லாததால் நடந்தது அல்ல.*

பூங்கொடியின் கை எப்போது நின்றது என்று அவர் பார்க்கவில்லை. தாளைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

பிறகு பூங்கொடியின் குரல் வந்தது.

“பாப்பாவா தம்பியான்னு கேட்டானா?”

“கேட்டான்.”

“சொன்னீங்களா?”

“இல்லை.”

பூங்கொடி எழுந்தார். அடுப்படியில் கையைக் கழுவினார். பீரோவைத் திறந்து இரண்டு புடவையை எடுத்துப் பையில் வைத்தார். மிருதுளாவிடம் மட்டும் சொல்லிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் போய்க் காரைக்குடி பஸ்ஸில் ஏறினார்.