கியர்பாக்ஸில் ஒரு சத்தம்

குருவுக்கு வயது முப்பத்தெட்டு, சீடருக்கு ஐம்பத்தாறு. தப்பாக எழுதிவிட்டேன் என்று நினைக்க வேண்டாம், சரியாகத்தான் சொல்கிறேன்.

தெய்வசிகாமணி பாலிடெக்னிக்கில் இருபத்தைந்து வருஷம் ஆட்டோமொபைல் பாடம் நடத்தியவர். கரும்பலகையில் கியர்பாக்ஸை ஆயிரம் தடவை வரைந்திருப்பார். கையால் ஒன்றைக்கூடக் கழற்றிப் பார்த்ததில்லை. அவரிடம் படித்த மெஹருன்னிசா பரீட்சையில் சுமார்தான். ஆனால் ஈச்சனாரிப் பக்கம் பட்டறை போட்டு, கோயம்புத்தூரில் கியர்பாக்ஸ் என்றாலே அவளிடம் கொண்டு போ என்று சொல்லும்படி பேர் எடுத்துவிட்டாள். மனுஷன் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு நேராக அவள் முன்னால் போய் நின்றார்.

"எனக்குத் தொழில் கத்துக்குடுங்க. இனிமே மேஸ்திரின்னுதான் கூப்பிடுவேன்."

"கூப்பிட்டுக்குங்க. நான் சார்னுதான் சொல்லுவேன்" என்றாள் அவள்.

நாலு வருஷம் இருவரும் சேர்ந்து ஒரு காருக்கு உயிர் கொடுத்தார்கள். ஜெர்மன்காரன் செய்த நாலு கதவு வண்டி. பார்த்தால் வக்கீல் வீட்டுக் கார் மாதிரி அடக்கமாக இருக்கும், மிதித்தால் சீறும். ஆறு சிலிண்டர், கையால் போடுகிற ஐந்து கியர். ஒரு மில் குடோனில் பன்னிரண்டு வருஷம் கிடந்து, பின் சீட்டில் எலி குட்டி போட்டிருந்த கோலத்தில் வந்தது. இப்போது கருநீலமாக, புதுமாப்பிள்ளை போல நின்றது.

எல்லாம் முடிந்துவிட்டது, ஒரு சத்தத்தைத் தவிர. ஓடும்போது கியர்பாக்ஸ் பக்கமிருந்து கீச், கீச் என்று சன்னமாக வரும். வேறு யாராவது என்றால் ரேடியோவைப் போட்டுவிட்டுப் போயிருப்பார்கள். தெய்வசிகாமணிக்குச் சோறு இறங்கவில்லை.

ஏனென்றால் அந்தக் காரை ஓட்டப் போவது அவர் இல்லை, அவர் மனைவி பூங்கோதை. வால்பாறையில் ஒரு பள்ளிக்கூடத்துக்குத் தலைமை ஆசிரியையாகப் பதவி உயர்வு வந்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நானே ஓட்டிக்கொண்டு போகிறேன், துணைக்கு யாரும் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

"பஸ்ல போயேன், கோதை. நாப்பது கொண்டை ஊசி வளைவு."

"பஸ்ல போனா வளைவு கொறஞ்சுருமாக்கும்?" என்றாள் பூங்கோதை. அதோடு பேச்சு முடிந்தது.

ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அதே மலையில், இருபத்தாறாவது வளைவில், இறங்கி வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டு நின்றார் தெய்வசிகாமணி. மறுபடி எடுக்கும்போது கிளட்சைப் பட்டென்று விட்டுவிட்டார். வண்டி அணைந்து பின்னால் உருண்டு, இடது பக்கமாகத் தடுப்புச் சுவரில் போய் மோதியது. பக்கத்தில் இருந்த பூங்கோதைக்கு இடது கை மூன்று இடத்தில் முறிந்தது. கைக்குள் இன்னும் தகடு இருக்கிறது. ஊருக்கெல்லாம் கிளட்ச் பாடம் நடத்தியவரின் பெண்டாட்டிக்குக் கிளட்சால் கை போச்சு. அதை யாரும் அவரிடம் சொன்னதில்லை. அவரே தினம் ஒரு தடவை தனக்குள் சொல்லிக்கொள்வார்.

இனி அந்தக் கைதான் கியர் போடப் போகிறது. அதற்காகவே அவள் முழங்கையை நீட்ட வேண்டாதபடி கியர் கம்பியை இரண்டு விரல் அளவு குட்டையாக்கி, குமிழியை அவள் உள்ளங்கைக்குப் பொருந்தக் கடைந்து வைத்திருந்தார். இவ்வளவும் செய்த பிறகு, இந்தப் பாழாய்ப் போன சத்தம்.

முதல் வாரம் அவர் கேட்டார்: "கியர்பாக்ஸைக் கழட்டட்டுங்களா மேஸ்திரி?"

"கழட்டுங்க சார்."

கழற்றி, பேரிங் எல்லாம் புதிதாக மாற்றிப் பூட்டினார். ஓட்டிப் பார்த்தார். கீச்.

இரண்டாம் வாரமும் கேட்டார், அவளும் அதே பதிலைச் சொன்னாள். ஒவ்வொரு பல்லையும் லென்ஸ் வைத்துப் பார்த்தார். ஒரு பல்லிலும் ஒரு கீறல் இல்லை. மூன்றாம் வாரம் கிளட்ச் தட்டையும் மாற்றினார். கீச், கீச்.

இதில் கொடுமை என்னவென்றால், மெஹருன்னிசா ஓட்டினால் அந்தச் சத்தம் வருவதே இல்லை. பொள்ளாச்சி வரை போய்த் திரும்பி வந்து, "எனக்குக் கேக்கலீங்க சார்" என்று சாவியைக் கொடுப்பாள்.

"என்னைக் கண்டாத்தான் கத்துது. வஞ்சகம் பண்ணுது மேஸ்திரி."

அவள் சிரிக்கவும் இல்லை, ஆமாம் என்று சொல்லவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கே பட்டறைக்கு ஓடி வந்தார் தெய்வசிகாமணி. முகச்சவரம்கூடச் செய்திருக்கவில்லை.

"நாலாம் தடவை கழட்டணும்."

"பத்து மணிக்கு அம்மா வர்றாங்களே."

"வரட்டும். வண்டி ரெடியாகலைன்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லிருங்க. நான் சொன்னாத்தான் கேக்க மாட்டா, நீங்க சொன்னாக் கேப்பா." அவருக்கு மூச்சு வாங்கியது. "பாதி மலையில கியர் சிக்கிக்கிச்சுன்னா என்ன பண்ணுவா? அங்க மழை வேற பேஞ்சுட்டு இருக்குது. ஒத்தையா இருப்பா. அந்தக் கைய வச்சுக்கிட்டு... ஐயோ, மேஸ்திரி, எனக்குப் பயமா இருக்குதுங்க."

சொல்லிவிட்டார். ஒன்பது வருஷத்தில் அந்த வார்த்தையை முதல் தடவையாக வாய்விட்டுச் சொன்னார்.

மெஹருன்னிசா டீயைக் குடித்து முடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"நீங்க ஓட்டுங்க சார். நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்."

பொள்ளாச்சி ரோட்டில் கிணத்துக்கடவு தாண்டியதும் சாலை நேராகக் கிடந்தது. கூட்டம் இல்லை. ஐந்தாவது கியரில் வண்டி வழுக்கிக்கொண்டு போயிற்று. தெய்வசிகாமணி மட்டும் ஸ்டியரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

கீச்.

"வந்துருச்சு! கேக்குதுங்களா?"

"கேக்குது" என்றாள் மெஹருன்னிசா.

அவருக்கு அழுகையே வந்துவிட்டது. "அப்ப இருக்குதுல்ல? எனக்குக் கிறுக்குப் புடிக்கலயே?"

"இருக்குதுங்க சார். உங்க இடது கால் எங்க இருக்குது?"

"கீழ. தரையில."

அவள் குனிந்துகூடப் பார்க்கவில்லை. "சரி. அந்தக் காலை மடக்கி உக்காருங்க."

"எப்படி?"

"பந்தியில உக்கார்ற மாதிரி. அந்த ஒரு காலை மட்டும் தூக்கி, வலது தொடைக்கு அடியில வச்சுக்குங்க."

"ஓடுற வண்டியிலயா? என்ன விளையாட்டு இது மெஹரு? உனக்குப் பாடம் நடத்தினவன் நான்!" வாத்தியார் குரல் தானாக வெளியே குதித்துவிட்டது. உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்குங்க மேஸ்திரி. திடீர்னு கிளட்ச் மிதிக்க வேண்டி வந்தா?"

"அஞ்சாவது கியர்ல இருக்கீங்க. ரோடு காலியா இருக்குது. பிரேக் வலது கால்ல இருக்குது. மடக்குங்க சார்."

மடக்கினார். கால் கட்டை விரல் ஸ்டியரிங்குக்குக் கீழே இடித்தது. முட்டி தட்டியது. எப்படியோ காலை இழுத்துத் தொடைக்கு அடியில் சொருகினார். கால் அங்கே சும்மா இருக்கவில்லை. பிடித்து வைத்த கோழிக்குஞ்சு மாதிரி துள்ளியது. அவர் கழுத்தில் வியர்வை வழிந்தது. வேஷ்டி கட்டாமல் நடுத்தெருவில் நிற்பது போலக் கூசியது அவருக்கு.

நூறு அடி போனது, இருநூறு அடி போனது. கிலோமீட்டர் கல் ஒன்று பின்னால் போனது.

"என்ன கேக்குது?" என்றாள்.

தெய்வசிகாமணி காது கொடுத்தார். காற்று கேட்டது. டயர் உருளுவது கேட்டது. என்ஜின் மேளக்காரர் கை வைப்பது போல மெல்லத் தாளம் போட்டது. வேறு ஒன்றும் கேட்கவில்லை.

அப்போது பார்த்துத்தானா வர வேண்டும்? தேங்காய் மட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்று பக்கத்துச் சந்திலிருந்து ஆடி அசைந்து அவர் முன்னால் ஏறியது.

"காலை எறக்கிக்கறேன்!"

"வேண்டாம்."

"வண்டி அணைஞ்சு போயிரும்!"

"அணைஞ்சா அணையட்டும். சமதரைதானுங்க சார்?"

வலது காலால் பிரேக்கை மெல்ல அழுத்தினார். அறுபது, ஐம்பது, நாற்பது. என்ஜின் வயிற்றுக்குள் உறுமியது. வேகமானி முள் முப்பத்தைந்தில் போய் நடுங்கி நின்றது. 'போச்சு, போச்சு' என்று உதடு முணுமுணுத்தது. தொடைக்கு அடியில் இருந்த கால் கிளட்சுக்காகத் தவித்தது. டிராக்டர் ஓரம் ஒதுங்கியது. ஆக்சிலரேட்டரைத் தொட்டார். அதே ஐந்தாவது கியரில், ஒரு முக்கல் முனகல் இல்லாமல், வண்டி தன்பாட்டுக்கு வேகம் எடுத்துப் போயிற்று.

ஒரு பெட்ரோல் பங்க் பக்கம் வந்ததும், "இப்ப எறக்கிக்கலாங்க சார்" என்றாள். அவர் ஓரமாக நிறுத்தினார்.

கதவைத் திறந்து, கீழே இறங்கி, குனிந்து பெடல்களைப் பார்த்தார். மூன்றுக்கும் அவரே புது ரப்பர் போட்டிருந்தார். கிளட்ச் ரப்பரில் மட்டும் வரிவரியாகச் செருப்பு மண் அப்பி, நடுவில் பளபளவென்று தேய்ந்திருந்தது. கால் எங்கே என்று கேட்டதற்குத் தரையில் என்று அவர் சொன்னது பொய் இல்லை. அங்கே இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்.

"பெடலை லேசாத் தொட்டுக்கிட்டே இருந்தா கிளட்ச் பேரிங் கத்தும். நல்லா மிதிச்சாக் கத்தாது, விட்டாலும் கத்தாது" என்று அவரே சொல்லிக்கொண்டார். இருபத்தைந்து வருஷம் சொன்ன பாடம்.

"எப்பத் தெரிஞ்சுது உங்களுக்கு?"

"மொத நாளே."

"அப்புறம் எதுக்கு மூணு தடவை கழட்ட விட்டீங்க?"

"உள்ள ஒரு குறையும் இல்லைன்னு நான் சொன்னா நம்புவீங்களா? நீங்கதான் பாக்கணும். பாத்தீங்க."

அவர் கிளட்ச் ரப்பரில் அப்பிய மண்ணை விரலால் சுரண்டினார்.

மெஹருன்னிசா காரில் சாய்ந்துகொண்டாள். "வைவா பரீட்சையில என்னை ஒரு கேள்வி கேட்டீங்க, ஞாபகம் இருக்குதுங்களா? கிளட்ச் மேல காலை வச்சுக்கிட்டே ஓட்டினா என்ன ஆகும்னு."

ஞாபகம் இருந்தது. வெளியூரிலிருந்து வந்த பரீட்சை அதிகாரி விழுந்து விழுந்து சிரித்ததும் ஞாபகம் இருந்தது. "கால் வலிக்கும் சார்னு சொன்னீங்க. சைபர் போட்டேன்."

"வலிக்குதுங்களா?"

தெய்வசிகாமணி தன் இடது காலைப் பார்த்தார். கெண்டைச் சதை இன்னும் துடித்துக்கொண்டிருந்தது. அதைக் கையால் பிடித்துவிட்டார்.

"வலிக்குது" என்றார்.

"எத்தனை நாளா?"

"ஒம்பது வருஷமா." கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டார்.

மணி ஒன்பதாகிவிட்டது, கிளம்பலாம் என்றாள் மெஹருன்னிசா. திரும்பும்போது இடது காலைத் தரையில் வைத்து ஓட்டினார். இரண்டு தடவை அது கிளட்சின் மேல் ஏறப் பார்த்தது. இரண்டு தடவையும் இறக்கினார்.

பத்து மணிக்கு ஆட்டோவில் வந்து இறங்கினாள் பூங்கோதை. ஒரு பெட்டி, ஒரு சாப்பாட்டுக் கேரியர், ஒரு குடை, கட்டி வைத்த ஃபைல்கள். எல்லாவற்றையும் பின் சீட்டில் வைத்துவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்தாள். சீட்டைச் சரி செய்தாள். இடது கையைக் கியர் குமிழியில் வைத்தாள். அது அவள் கைக்குள் அடங்கியது.

"நல்லா இருக்குதுங்க" என்றாள் கணவரைப் பார்த்து. வண்டியை ஸ்டார்ட் செய்தாள்.

தெய்வசிகாமணி அவள் பக்கத்து ஜன்னலில் வந்து நின்றார்.

"ஆழியாறு வந்ததும் ஒரு போன் பண்ணு."

"சரிங்க."

"ஏறுற வண்டிக்குத்தான் வழி விடணும். விடலீன்னா நீ நின்னுரு, போட்டி போடாத."

"சரிங்க."

"இருபத்தாறாவது வளைவுல ஹாரனை நல்லா அழுத்து."

"தெரியுமுங்க" என்றாள் பூங்கோதை மெதுவாக. "நானும் அங்கதான இருந்தேன்."

அவர் விடவில்லை. "கைப்பிரேக் புடிச்சுத்தான் எடுக்கோணும். பனி இருந்தா மஞ்ச லைட்டு. தண்ணி வச்சிருக்கியா? கை வலிச்சா ஓரமா நிறுத்திரு. டயர்ல காத்து நேத்துப் பாத்ததுதான், எதுக்கும் இன்னொருக்கா..."

பூங்கோதை கிளட்சை மிதித்து முதல் கியரைப் போட்டுவிட்டுக் காத்திருந்தாள். வண்டி நகரவில்லை. கண்ணாடி இறக்கிய கதவின் விளிம்பை அவர் கை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஏனுங்க" என்றாள் அவள்.

"ஒண்ணுமில்ல. நீ கெளம்பு."

கை அப்படியே இருந்தது.

பின்னால் நின்ற மெஹருன்னிசா மெல்லக் கூப்பிட்டாள்.

"சார், கால்."

தெய்வசிகாமணி குனிந்து பார்த்தார். இரண்டு காலும் தரையில்தான் இருந்தன. அப்புறம் கதவின் மேலிருந்த தன் கையைப் பார்த்தார். அதை எடுத்தார்.