காய்ச்சல்காரனின் எடைக்கல்

வாகைக்கோட்டைப் பிரதானி ஆவுடையப்பரை முதலில் சீண்டியவன் வரிசைநாயகம். இதைச் சொல்லிவிட்டுத்தான் ராசாவிடம் போக வேண்டும். ராசா காத்திருக்கட்டும்.

ரொம்பக் காலத்துக்கு முன்னால் வாகைக்கோட்டையை முத்துவீரப்ப ராசா ஆண்டுகொண்டிருந்தார். ஒவ்வொரு பிறந்தநாளிலும் அவர் அம்மன் கோயில் தராசில் ஒரு தட்டில் உட்காருவார். மறுதட்டில் வெல்லம் ஏறும். தட்டு சமமானதும் அந்த வெல்லம் ஊருக்கு. பிறகு பூசாரி பிரதானியின் தலையில் பரிவட்டம் கட்டுவார். அது தலைமுறை தலைமுறையாக வந்த மரியாதை.

போன பிறந்தநாளில் பூசாரி துணியை எடுத்ததும், அரசவையில் துதிபாடிப் பிழைக்கும் வரிசைநாயகம் குறுக்கே தலையை நீட்டிவிட்டான். பூசாரிக்குப் பார்வை மங்கல். கட்டிவிட்டார்.

"பிரதானியாருக்கு வழுக்கை. கட்டினாலும் நிற்காது, வழுக்கிவிடும்" என்றான் அவன். சபை சிரித்தது. ராசாவும் சிரித்தார். ஆவுடையப்பர் சிரிக்கவில்லை.

அதே நாளில் இன்னொன்றும் நடந்தது. ராசா உட்கார்ந்த வேகத்தில் தராசுக் கயிறு அறுந்துபோனது. வெட்கம் தாங்காமல் அன்றைக்கே வைத்தியர் பேச்சைக் கேட்டார். காலையில் கோட்டையைச் சுற்றி நடை, பகலில் கேழ்வரகுக் கூழ், இரவில் பலகாரம் கிடையாது. உடம்பு மளமளவென்று இறங்கியது. மலைக்கோயிலுக்கு நடந்தே ஏறினார். ஊரே மெச்சியது.

"இறங்கிவிட்டேன். எங்கே நிற்பது?" என்று சபையில் கேட்டார் ராசா.

"மகாராசா, முடிசூட்டிய நாளில் தங்கள் எடைக்குச் செதுக்கிய கல் சாமான் வைக்கும் உக்கிராண அறையில் கிடக்கிறது. அன்றைக்கு எப்படி இருந்தீர்கள்! மூங்கில் குருத்து மாதிரி! அந்தக் கல்தான் கணக்கு" என்றான் வரிசைநாயகம்.

"இதற்குமேல் இறங்க வேண்டாம், மகாராசா" என்றார் ஆவுடையப்பர்.

"பிரதானியார் தொந்திக்குத் துணை தேடுகிறார்!" என்றான் வரிசைநாயகம்.

மறுபடி சபை சிரித்தது. கல் வந்தது. ராசா அதைத் தடவிப் பார்த்து, "இந்த எடைக்கு இறங்கியே தீருவேன்" என்றார்.

அன்றோடு கூழும் நின்றது. வெறும் மோர்தான். கடுகு தாளிக்கும் வாசனை வந்தாலே ராசாவுக்குக் கண் கலங்கியது. அதனால் அரண்மனையில் தாளிப்புக்குத் தடை. வாசனை மதில் தாண்டி வருகிறது என்று ஊருக்கும் தடை. ஊரே சப்பென்று ரசம் குடித்தது. ராசாவின் கன்னம் ஒட்டி, கிரீடம் மூக்கில் வந்து நின்றது. ஒருநாள் இரண்டு குடியானவர்கள் ஒரு பூசணிக்காய்க்கு உரிமை கேட்டு வழக்குக் கொண்டுவந்தார்கள். ராசா காயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"குழம்பா, கூட்டா?" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு மயங்கிச் சாய்ந்தார்.

வைத்தியர் பிரதானியைத் தனியே இழுத்துக்கொண்டு போனார். "ஐயா, இப்படியே போனால் அடுத்த பிறந்தநாளைக்குத் தராசு இருக்கும், உட்கார ராசா இருக்க மாட்டார்" என்றார்.

மறுநாள் ஆவுடையப்பர் சபையில் கைகூப்பி நின்றார். "மகாராசா, நான் சொன்னது தப்பு. தாங்கள் மட்டும் கஷ்டப்படுவது நியாயமில்லை. சபையில் உள்ள எல்லாரும் முடிசூட்டு நாளில் இருந்த எடைக்குத் திரும்பட்டும். யோசனை சொன்னவர் முதலில்."

ராசாவுக்குத் தெம்பு வந்தது. "பலே! வரிசைநாயகத்துக்குக் கல் இருக்கிறதா?"

"கல் இல்லை, சட்டை இருக்கிறது" என்று ஒரு பட்டுச் சட்டையை விரித்தார் ஆவுடையப்பர். "அன்றைக்கு முக்காலி மேல் ஏறி நின்று தங்களுக்குச் சாமரம் வீசியது இவர்தான். அரண்மனை கொடுத்த சட்டை இது. இவருடைய தாயார் பத்திரமாக வைத்திருந்தார்கள்."

"போடு!" என்றார் ராசா.

வரிசைநாயகம் ஒரு கையை நுழைத்தான். முழங்கையோடு சிக்கிக்கொண்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை.

"இந்தச் சட்டை சேரும்வரை இவருக்கும் மோர்தான்" என்றார் ஆவுடையப்பர்.

"ஐயோ மகாராசா! அன்றைக்கு நான் பொடியன்! எலும்பே முற்றவில்லை! எப்படி அந்த உடம்புக்குத் திரும்புவேன்?"

"ஓகோ! உன் எலும்பு வளர்ந்தது, ராசாவின் எலும்பு மட்டும் அன்றோடு நின்றுவிட்டதோ?" என்றார் ஆவுடையப்பர்.

பிறகு ராசாவிடம் திரும்பினார்.

"மகாராசா, அன்று தாங்களும் பிள்ளைதான். அதுவும் விஷக்காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளை. கைத்தாங்கலாகத் தராசில் கொண்டுபோய் உட்காரவைத்தது நான். அந்தக் கல் காய்ச்சல்காரனின் எடை."

ராசா கல்லைப் பார்த்தார். "அப்படியானால் என் எடை எது?"

"உடம்பு கடைசியாக எப்போது சுகமாக இருந்தது?"

ராசா விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "ஆடிப்பெருக்கு அன்று. ஆற்றில் நீந்தினேன், மலை ஏறினேன், இலை நிறையப் புளியோதரை தின்றேன். படுத்ததுதான் தெரியும்."

வைத்தியர் தலையசைத்தார். "அன்று நாடியும் தெளிவாக இருந்தது."

"அன்று இடைவார் எந்தத் துளையில் நின்றது?" என்று கேட்டார் ஆவுடையப்பர்.

ராசா விரலால் தொட்டுக் காட்டினார். இப்போது வார் அதைத் தாண்டி வெகுதூரம் போயிருந்தது.

"அதுதான் கணக்கு, மகாராசா. ஒரு துளை கூடலாம், ஒரு துளை குறையலாம். விருந்தும் வரும், விரதமும் வரும். அதற்குள் நின்றால் போதும்."

ராசா எழுந்தார். "அடுக்களையில் தாளிக்கச் சொல்லுங்கள்!"

கடுகு வெடித்த சத்தம் சபைவரைக்கும் கேட்டது. மதிலுக்கு வெளியே ஊர் ஆரவாரம் செய்தது.

அடுத்த பிறந்தநாளில் ராசா தெளிந்த முகத்தோடு தராசில் உட்கார்ந்தார். கயிறு அறவில்லை. காய்ச்சல்காரன் கல் அடுக்களையில் அம்மிக்கு முட்டுக் கொடுக்கப் போய்விட்டது. வெல்லக் கூடையைச் சுமந்து வீடுவீடாகக் கொடுத்துவருவது வரிசைநாயகத்தின் வேலை.

"பிரதானியாரே, என்ன வேண்டும்? கேளும்" என்றார் ராசா.

"என் பரிவட்டம்."

"தந்தோம்! வரிசைநாயகம், முதலில் அவர் காலில் விழுந்து மன்னிப்புக் கேள்."

வரிசைநாயகம் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான். மெல்ல எழுந்தான். பாதி எழும்போது அவன் தலை சரியாகப் பூசாரியின் கைக்கு நேரே வந்தது. பூசாரிக்கு இந்த வருஷம் பார்வை இன்னும் மங்கல். கட்டிவிட்டார்.

ராசா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கோயிலில் கட்டிய பரிவட்டத்தை அவிழ்த்து இன்னொருவருக்குக் கட்டும் வழக்கம் கிடையாது.

வீட்டுக்கு வந்த ஆவுடையப்பரிடம் மனைவி வடிவு ஆவலோடு கேட்டாள்: "என்ன, தலை வெறுமனே இருக்கிறது?"

அவர் வெல்லத்துண்டை வாயில் போட்டு நிதானமாகக் கடித்தார்.

"ரெண்டு பரிவட்டம் பாக்கி" என்றார்.