முப்பது அங்குல ராஜா

வெண்குன்றத்து ராஜா கீர்த்திசேகரருக்கு இடுப்பு முப்பது அங்குலம். பட்டாபிஷேகத்தன்று அளந்து ஓலையில் எழுதியது. அதற்குப் பிறகு பதினைந்து தீபாவளி, எண்ணிக்கையில்லாத பால்கோவா. ஆனால் முடிசூடிய ராஜாவை மறுபடி அளப்பது அந்த நாட்டில் அபசகுனம். ஆகவே ஓலை முப்பது என்றால் முப்பதுதான். வேட்டியும் நாடா வைத்த பைஜாமாவும் இருந்தவரை ஒரு தொந்தரவும் இல்லை. எவ்வளவு வயிறு வந்தாலும் அவை வாயை மூடிக்கொண்டு போகும்.

ஜீன்ஸ் அப்படிப் போகவில்லை.

கப்பல் வியாபாரி ஒருவன் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு சபைக்கு வந்தான். "பத்து வருஷமாக இதே ஒன்றுதான் மகாராஜா. கிழிவேனா என்கிறது" என்று தொடையைத் தட்டிக் காட்டி, அதே ஜீன்ஸ் துணியில் ஒரு கட்டு காணிக்கையாக வைத்துப் போனான். விஜயதசமி ஊர்வலத்துக்கு ஜீன்ஸ் போட்டுத்தான் குதிரை ஏறுவேன் என்று ராஜா ஒற்றைக்காலில் நின்றார். அரண்மனைத் தையற்காரர் மஸ்தான் ஓலைப்படி தைத்தார். ராஜா மூச்சைப் பிடித்துப் பொத்தானைப் போட்டார். சிம்மாசனத்தில் சம்மணமிட்டார். பொத்தான் பறந்து போய் ஆடை மந்திரி உத்தண்டராயரின் மூக்கில் பட்டது.

"கொலை முயற்சி!" என்றார் ராயர். "ஓலை பொய் சொல்லாது மகாராஜா. வெட்டியவன் கைதான் கோணல். இவனை நாடு கடத்திவிட்டு என் மைத்துனனை..."

"ஆரம்பித்துவிட்டார், மைத்துனர் புராணம்" என்றாள் கனகாம்புஜம்.

கனகாம்புஜம் ராஜாவுக்கு யோசனை சொல்ல அமர்த்தப்பட்டவள். அந்தச் சபையில் நாலு விஷயம் உருப்படியாக நடந்தால் மூன்று அவளால் நடந்திருக்கும். நாலாவது தானாக நடந்திருக்கும். பொத்தான் பறந்ததற்கு யார் காரணம் என்று அவளுக்குத் தெரியும். சபை முழுவதற்கும் தெரியும். சொல்லத்தான் ஆளில்லை.

"பத்து நாள் கொடுங்கள் மகாராஜா. மஸ்தானே தைப்பார்."

"கொடுத்தேன்" என்றார் ராஜா, தொடையைத் தடவிக்கொண்டே. "ஆனால் அளவு முப்பதேதான் இருக்க வேண்டும். போட்ட முதல் நாளே பழைய வேட்டி மாதிரி உடம்போடு ஒட்ட வேண்டும். பத்து வருஷம் கிழியக் கூடாது. இல்லையென்றால் மஸ்தானும் போகலாம், அவருக்குப் பரிந்து பேசிய நீயும் போகலாம்."

ராயர் வீங்கிய மூக்கோடு சிரித்தார்.

மஸ்தான் வெளியே வந்ததும் கும்பிட்டார். "அம்மா, எனக்காக உங்க வேலையையும் ஏன் கெடுத்துக்கறீங்க?"

"புலம்பாதீங்க பாய். இந்தத் துணியை நனைத்தீர்களா?"

"துணியையா? தைக்கிறதுக்கு முன்னாடியா?"

"ரவிக்கைத் துணி வாங்கினால் நான் முதலில் நனைத்துக் காயப் போடுவேன். இது பலகை மாதிரி நிற்கிறது, இதை அப்படியே வெட்டினீர்களாக்கும்! வண்ணானிடம் கொடுத்து மூன்று தடவை துவைக்கச் சொல்லுங்கள். சுருங்குவதெல்லாம் இப்போதே சுருங்கட்டும், முரண்டெல்லாம் அங்கேயே போகட்டும். இரட்டைத் தையல் போடுங்கள். பை ஓரத்தில் செம்பு ஆணி அடியுங்கள். நம் ராஜா சம்மணமிடுகிறவர், இரண்டு காலும் சேரும் இடத்தில் ஒரு ஒட்டுத் துணி தாராளமாக வையுங்கள்."

"எல்லாம் சரிம்மா. இடுப்பு?"

"அதை ஆசாரியிடம் கேட்கிறேன்."

அரண்மனைத் தட்டான் ஆறுமுக ஆசாரி முதலில் எதுவும் தெரியாது என்றார். "ராஜாவின் தங்க அரைஞாணுக்கு ஒவ்வொரு தீபாவளிக்கும் யார் கண்ணி சேர்க்கிறது, மகாலட்சுமியா?" என்று கனகாம்புஜம் கேட்டதும் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நாற்பது அங்குலம் தாயி. என் பேரைச் சொல்லிடாதீங்க."

அவள் மஸ்தானிடம் திரும்பி வந்தாள். "நாற்பதுக்கு வெட்டுங்கள். கூடவே புதிதாக ஒரு அளவு நாடா செய்யுங்கள். அதில் அங்குலத்தைக் கொஞ்சம் தாராளமாக நீட்டுங்கள், பழைய நாற்பது புது முப்பதில் அடங்கும்படி."

மஸ்தான் வாயைப் பிளந்தார். பிறகு சிரித்த சிரிப்பில் கத்தரியே கை தவறி விழுந்தது.

பத்தாம் நாள் தட்டில் இரண்டு ஜீன்ஸ் வந்தன, போட ஒன்று, மாற்ற ஒன்று. ராஜா ஒன்றைப் போட்டார். உட்கார்ந்தார். எழுந்தார். சம்மணமிட்டார். "அடடா, பிறந்ததிலிருந்தே போட்டிருந்த மாதிரி இருக்கிறதே!"

ராயருக்குப் பொறுக்கவில்லை. இடுப்பிலிருந்து தன் நாடாவை உருவி, தட்டிலிருந்த இன்னொன்றை அளந்தார். "மோசடி! இது முப்பதில்லை, நாற்பது!"

ராஜாவின் முகம் கறுத்தது.

கனகாம்புஜம் நிதானமாக எழுந்தாள். "ராயரே, மகாராஜா போட்டிருப்பதும் அதே அளவுதான். கச்சிதமாக இருக்கிறது என்று இப்போதுதான் சொன்னார். அப்படியென்றால் மகாராஜாவின் இடுப்பு நாற்பது என்கிறீர்களா? சத்தமாகச் சொல்லுங்கள், பின்வரிசையில் கேட்கவில்லை."

"நான்... நான் அப்படிச் சொல்லவில்லையே... நாடாதான்..."

"ஓலை பொய் சொல்லாது என்றவர் நீங்கள். அப்போது உங்கள் நாடாதான் சுருங்கியிருக்க வேண்டும். நனைத்துக் காயப் போட்டீர்களோ? இதோ மஸ்தான் நாடா. முப்பது, ஒரு நூல் கூடக் குறைய இல்லை. எது சரியான நாடா என்று மகாராஜாவே சொல்லட்டும்."

ராஜா இரண்டு நாடாவையும் பார்த்தார். அதிகம் யோசிக்கவில்லை. "இன்றுமுதல் மஸ்தான் நாடாதான் இந்த நாட்டின் நாடா. மஸ்தான்தான் அரண்மனைத் தையற்காரர். கனகாம்புஜம், உனக்கு என்ன வேண்டும்?"

"ஒன்பது கஜப் புடவை மூன்றுக்குப் பட்டு போதும் மகாராஜா. ராயர் கையாலேயே அளந்து தரட்டும்."

ராயர் பல்லைக் கடித்துக்கொண்டு பட்டுச் சுருளை விரித்து, பழக்கதோஷத்தில் தன் நாடாவை எடுத்தார்.

"ராயரே! ராஜா வாக்கு இன்னும் சூடு கூட ஆறவில்லை. எந்த நாடா?"

ராயர் மஸ்தான் நாடாவை வாங்கினார். அளந்தார். அளந்துகொண்டே இருந்தார். மூன்று புடவைக்கு அளந்த பட்டில் நான்கு புடவை தாராளமாகக் கட்டலாம் போலிருந்தது.

ராஜா அந்தப் பட்டுக் குவியலைப் பார்த்தார். நாடாவைப் பார்த்தார். மெல்லக் குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். அப்புறம் ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், தொந்தி குலுங்க, சிம்மாசனமே ஆட! ராயர் சட்டென்று இரண்டு கையாலும் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

பொத்தான் அசையவில்லை.