புதுப் போனில் கடைக்காரர் முதலில் பேசுவது ஏன்?

அந்தக் காலத்தில் போன்கள் எல்லோரிடமும் வாய் திறந்து பேசியதில்லை. கண் தெரிந்தவர்களின் கையில் ஊமையாகத்தான் கிடந்தன. எழுத்துக் காட்டும், படம் காட்டும், அதோடு சரி. கண் தெரியாதவர்களிடம் மட்டும்தான் அவை பேசின. விரல் எங்கே படுகிறதோ அங்கே இருப்பதைப் படித்துச் சொல்லும். "மணி பத்து இருபது" என்னும். "தங்கை அழைக்கிறாள்" என்னும்.

அப்படிப் பேசிய போன்கள் இரண்டு குடும்பங்களாகப் பிரிந்திருந்தன. ஒன்றுக்கொன்று ஆகாது. ஒரு குடும்பத்துப் போன் வலப்பக்கம் தள்ளினால் செய்கிற வேலையை, மற்றொன்று கீழிருந்து மேலே தள்ளினால்தான் செய்யும். இதன் சார்ஜர் அதற்குச் சேராது. அதன் சாடை இதற்குப் புரியாது. ஒன்றில் பழகிய கை இன்னொன்றுக்குப் போனால், கல்யாணமாகிப் போன மறுநாள் புது அடுப்படியில் உப்பு டப்பாவைத் தேடுகிற பெண்ணின் கை மாதிரித்தான் தடவித் திரிய வேண்டும்.

அரியநல்லூர் அரசு ஆஸ்பத்திரியில் பூரணவல்லி என்று ஒரு டெலிபோன் ஆபரேட்டர் இருந்தாள். பிறவியிலேயே பார்வை இல்லை. நாற்பத்து நான்கு வயது. ஒரு நாளைக்கு இருநூறு அழைப்புகளாவது இணைப்புப் போர்டில் அவள் கை வழியாகப் போகும். பிரசவ வார்டு, எலும்பு முறிவு, ரத்த வங்கி, ஆம்புலன்ஸ் என்று யார் கேட்டாலும் அடுத்த மூச்சில் இணைத்துவிடுவாள். "பூரணம் போர்டுல இருந்தா மணி ரெண்டு தடவைக்கு மேல அடிக்காது" என்று டாக்டர்களே சொல்வார்கள். அந்தப் பேச்சில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவள் கணவன் மாசிலாமணி வீட்டிலேயே பள்ளிச் சீருடை தைக்கிறவர். அதிகம் பேசாதவர். ஆனால் மதியம் என்ன சமைத்திருக்கிறார் என்று சொல்வதற்கு மட்டும் தினமும் ஒரு போன் போட்டுவிடுவார்.

பூரணவல்லியிடம் ஆறு வருஷமாக ஒரே போன் இருந்தது. அதில் அழைப்பு வந்தால் பக்கவாட்டில் உள்ள மேல் பட்டனை ஒரு அழுத்து அழுத்தினால் போதும், எடுத்துவிடும். திரையைத் தேட வேண்டாம், தட்ட வேண்டாம். பைக்குள் கையை விட்டு, பட்டனை அழுத்திக்கொண்டே வெளியே எடுத்து, காதில் வைக்கும்போது "சொல்லுங்க" என்பாள்.

ஆனால் அந்தப் போனுக்கு வயதாகிவிட்டது. அவள் விரல் நான்காவது பெயரில் நிற்கும்போது அது முதல் பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருக்கும். பாங்கியிலிருந்து வரும் ரகசிய எண்ணை அது படித்து முடிப்பதற்குள் எண் காலாவதியாகிவிடும். மத்தியானம் ஆனால் சார்ஜ் கரைந்துவிடும். ஒரு நாள் வருகைப் பதிவு செயலியைத் திறந்தபோது அப்படியே உறைந்துபோய், நேரத்துக்கு வந்தும் லீவு என்று பதிவாகிவிட்டது.

"இந்தக் கிழத்தைக் கட்டிக்கிட்டு ஏன்க்கா அழுறீங்க? மத்தக் கம்பெனி போன் வாங்குங்க. நாலு வருஷமா வச்சிருக்கேன், ஒரு தடவை நின்னதில்ல" என்றாள் அவளோடு வேலை பார்க்கும் நர்ஸ் ரோஸ்லின்.

பூரணவல்லி ஒரு மாதம் யோசித்தாள். பிறகு ஒரு சாயங்காலம் ரோஸ்லினோடு மணிக்கூண்டு பஜாருக்குப் போனாள்.

அங்கே ஜமால் முகைதீன் என்பவரின் கடை. விற்பனையும் உண்டு, பழுது பார்ப்பதும் உண்டு. ஜமால் நல்ல வேலைக்காரர். நேர்மையானவர் என்று பேர். அன்றைக்குக் கடையில் நிற்க இடமில்லாத கூட்டம். பழைய போனைக் கொடுத்துவிட்டு மற்றக் குடும்பத்துப் போன் ஒன்றை எடுத்துக்கொள்வது என்று முடிவானது. பெயர்கள், எண்கள் எல்லாவற்றையும் ஜமால் புதியதற்கு மாற்றினார். பேசும் வசதியையும் போட்டுக் கொடுத்தார். விரல் பட்ட மாத்திரத்தில் அது பெயர் சொன்னது. பூரணவல்லிக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. இத்தனை வேகமாக ஒரு போன் தன்னிடம் பேசி அவள் கேட்டதில்லை.

"தம்பி, இதுல கால் வந்தா எடுக்கிறது எப்படி?" என்று கேட்டாள்.

"அதே மாதிரிதான்க்கா. போன்னா போன்தானே" என்றார் ஜமால். அவருடைய இன்னொரு காதில் வேறொரு வாடிக்கையாளர் திரை உடைந்ததைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"பழசு ஒரு வாரம் எங்கிட்டயே இருக்கட்டுமா? கை பழகிற வரைக்கும்."

"இல்லக்கா, எக்ஸ்சேஞ்ச்ல போட்டாச்சு. ஆளு வாங்கிட்டுப் போகக் காத்திருக்காரு."

அவர் பழைய போனில் இரண்டு மூன்று இடத்தில் தொட்டார். அது எல்லாவற்றையும் மறந்து, முதல் நாள் மாதிரி வெறுமையாகி, வேறொருவர் பைக்குள் போய்விட்டது.

இன்னொரு தடவை கேட்டிருக்கலாம் என்று பூரணவல்லிக்குத் தோன்றாமல் இல்லை. பின்னால் நின்றவர்களின் மூச்சு அவள் கழுத்தில் பட்டது. யாரோ "சீக்கிரம்மா" என்றார்கள். ஆஸ்பத்திரி ஆபரேட்டர் ஒருத்தி போன் எடுக்கத் தெரியாமல் கேட்கிறாள் என்று நினைத்துவிடுவார்களோ என்று கூச்சமாகவும் இருந்தது. பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டாள்.

வீட்டில் மாசிலாமணி புதுப் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கே. ஒரு தடவை என் போன்ல இருந்து அடிச்சுப் பாக்கட்டுமா?" என்றார்.

"இதென்ன, போன் எடுக்கத் தெரியாதா எனக்கு? நாளைக்கு மத்தியானம் சமையலைச் சொல்லக் கூப்பிடுவீங்கல்ல, அப்ப பாத்துக்கலாம்" என்று சிரித்தாள்.

மறுநாள் காலை பத்தரை மணி இருக்கும். போர்டில் அழைப்பு குவிந்துகொண்டிருந்த நேரம். மடியிலிருந்த புதுப் போன் ஒலித்தது. "மாசிலாமணி" என்று தெளிவாகப் பெயர் சொன்னது. இவ்வளவு சீக்கிரமா என்று நினைத்துக்கொண்டே பூரணவல்லி மேல் பட்டனை அழுத்தினாள். மணி நின்றது.

"சொல்லுங்க."

பதில் இல்லை.

"ஹலோ, கேக்குதா? நான் பேசுறது கேக்குதா?"

ஒன்றுமில்லை. மடியில் வைத்துவிட்டு போர்டு வேலையைக் கவனித்தாள். சற்று நேரத்தில் மறுபடி ஒலித்தது. மறுபடி அழுத்தினாள். மணி நின்றது. மறுபடி மௌனம். மூன்றாம் தடவையும் அப்படியே. "டவர் இல்லாம எதுக்குத் திரும்பத் திரும்பக் கூப்பிடுறாரு" என்று முணுமுணுத்தாள். ரத்த வங்கிக்கு ஓர் அவசர அழைப்பு வந்தது, அதை இணைத்தாள். அதற்குப் பிறகு புதுப் போன் ஒலிக்கவே இல்லை.

போர்டு ஓய்ந்தபோது மணி பதினொன்றே கால். ஆஸ்பத்திரி லைனிலிருந்தே கணவரின் எண்ணை அழுத்தினாள். அது அவளுக்கு மனப்பாடம். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. அந்தப் பக்கமாக வந்த ரோஸ்லினிடம் புதுப் போனை நீட்டினாள்.

"ரோஸ்லின், இதுல பக்கத்து வீட்டுச் செல்லத்தாயி நம்பர் இருக்கும், கொஞ்சம் எடுத்துக் குடும்மா."

ரோஸ்லின் போனை வாங்கிப் பார்த்தாள். "அக்கா, அண்ணன்கிட்ட இருந்து மூணு மிஸ்டு கால் இருக்கு."

"மிஸ்டு காலா? மூணையும் எடுத்தேனே. பட்டனை அமுக்கினேனே."

"எந்தப் பட்டனை?"

பூரணவல்லி காட்டினாள்.

"அக்கா, இதுல அதை அமுக்கினா சத்தம் மட்டும்தான் நிக்கும். கால் எடுக்காது" என்றாள் ரோஸ்லின்.

போனில் சொன்னதும் செல்லத்தாயி ஓடி, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது மாசிலாமணி தையல் மெஷினுக்குக் கீழே கிடந்தார். வலது கை உடம்புக்கு அடியில் மடங்கியிருந்தது. இடது கையில் அவருடைய பட்டன் போன். அதில் இரண்டாம் எண்ணை அழுத்திப் பிடித்தால் மனைவிக்குப் போகும். இடது கட்டைவிரலால் அவ்வளவுதான் அவரால் முடிந்தது. ஆம்புலன்ஸை அனுப்பச் சொல்லித் தன் வீட்டு முகவரியைத் தன் வாயாலேயே சொன்னாள் பூரணவல்லி. அந்தக் குரல் ஒரு எழுத்துகூடப் பிசகவில்லை என்று பிறகு டிரைவர் சொன்னார்.

பக்கவாதம். உயிருக்கு ஆபத்தில்லை என்றார் டாக்டர். நடக்க வைத்துவிடலாம், கம்பு வேண்டியிருக்கும் என்றார். பேச்சுதான் சந்தேகம். "அரை மணி நேரத்துல வந்திருந்தா..." என்று ஆரம்பித்தவர், யாரிடம் சொல்கிறோம் என்று உணர்ந்து நிறுத்திக்கொண்டார்.

பேச்சு திரும்பவில்லை. அவர் விழுந்த அந்த நேரத்தில் பேச முடிந்ததா, முடிந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று பூரணவல்லிக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அவர் இடது கையைப் பிடித்துக்கொண்டு இருபது நாள் இருந்தாள். புதுப் போன் ஒலித்தால் ரோஸ்லின்தான் எடுத்துக் கொடுத்தாள். அவர் விரல் அவள் உள்ளங்கையில் எதையோ எழுதுவது போல நகரும். அவள் படித்தது பிரெயில். அவர் எழுதியது அவளுக்குத் தெரியாத எழுத்து.

இருபத்தோராம் நாள் சாயங்காலம் ரோஸ்லினின் தோளைப் பிடித்துக்கொண்டு பூரணவல்லி ஜமாலின் கடைப் படியேறினாள். அன்றும் கூட்டம்தான்.

"வாங்கக்கா. என்ன, போன் ஏதும் ஹேங் ஆகுதா?" என்றார் ஜமால்.

"இல்ல தம்பி. போன் நல்லா வேலை செய்யுது. ஒரு தடவை கூட நிக்கல. சார்ஜும் சாயங்காலம் வரைக்கும் இருக்கு."

பிறகு நடந்ததைச் சொன்னாள். குரலை உயர்த்தவில்லை. போர்டில் உட்கார்ந்து எந்த வார்டு, எந்தக் கட்டில் என்று சொல்வாளே, அந்த மாதிரியே வரிசையாகச் சொன்னாள்.

ஜமாலின் கையில் திறந்த போன் ஒன்று இருந்தது. அதை மெதுவாக மேஜையில் வைத்தார். "அக்கா, பழைய போனை எப்படியாவது தேடி வாங்கித் தர்றேன்" என்றார்.

"அதுல இனிமே என்ன இருக்கு? எனக்கு எதுவும் வேண்டாம். உங்க மேல மட்டும் தப்புன்னு சொல்ல வரல. அவரு அடிச்சுப் பாக்கட்டுமான்னு கேட்டாரு, நான்தான் வேண்டாம்னேன். ஆனா நீங்க தினமும் நூறு பேருக்குக் குடுக்கிறீங்க. இந்தப் படி இறங்குறதுக்கு முன்னாடி என்னை ஒரு தடவை கூப்பிட்டிருந்தீங்கன்னா, நான் எடுக்கலைங்கிறது உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்."

ஜமால் தன் போனை எடுத்து, கணக்குப் புத்தகத்தில் இருந்த அவள் எண்ணைத் தேடி அழைத்தார். அவள் கையில் போன் ஒலித்தது. அவள் யோசிப்பதற்கு முன்பே கட்டைவிரல் தானாகப் போய் மேல் பட்டனை அழுத்திவிட்டது. ஆறு வருஷத்துப் பழக்கம். இருபது நாளில் விடுமா? மணி நின்றது. ஜமாலின் காதில் மட்டும் அது தொடர்ந்து அடித்துக்கொண்டிருந்தது. எடுக்கப்படாத அழைப்பு எப்படி ஒலிக்கும் என்பதை அவர் முதல் தடவையாக முழுசாகக் கேட்டார். அது தானாக ஓயும் வரை அவர் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"அக்கா" என்றார். "ரெண்டு விரலைச் சேத்து திரையில ரெண்டு தட்டுத் தட்டுங்க. எங்க வேணா தட்டலாம். இடம் தேட வேண்டாம்."

மறுபடி அழைத்தார். அவள் கட்டைவிரல் பட்டன் வரை போய்த் தயங்கி நின்றது. பிறகு இரண்டு விரல்களும் திரையில் இறங்கின. போன் எடுத்தது.

மூன்றடி தூரத்தில் எதிரெதிரே நின்றுகொண்டு இருவரும் போனைக் காதில் வைத்திருந்தார்கள்.

"சொல்லுங்க" என்றாள் பூரணவல்லி.

"அக்கா, ஜமால் பேசுறேன்." அவ்வளவு நேரம் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததைப் போனுக்குள் சொன்னார். "என்னை மன்னிச்சிருங்க. கேக்குதா?"

வெளியே ஒரு பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போனது.

"கேக்குது" என்றாள் பூரணவல்லி.

பிறகு போனை இறக்கினாள். ரோஸ்லினின் தோளைத் தேடிப் பிடித்தாள். படியிறங்கிப் போய்விட்டாள்.

மாசிலாமணி கம்பூன்றி நடக்கத் தொடங்கினார். இடது கையாலேயே பட்டன் துளைகளுக்குக் காஜா எடுக்கவும் பழகிக்கொண்டார். மத்தியானம் ஆனால் இரண்டாம் எண்ணை அழுத்திப் பிடிப்பார். ஆஸ்பத்திரியில் பூரணவல்லியின் விரல்கள் இரண்டு தட்டுத் தட்டும். அந்தப் பக்கம் மூச்சு மட்டும் கேட்கும். "சாப்பிட்டீங்களா? ரசமா, புளிக்குழம்பா? சரி, நான் இருக்கேன்" என்று இவளே இரண்டு பேருக்கும் சேர்த்துப் பேசிவிட்டு வைப்பாள்.

பூரணவல்லி வந்துபோன அன்றைக்கே ஜமால் கூட்டத்தைப் பார்க்காமல், அடுத்து நின்ற ஆளின் புதுப் போனுக்கு அழைத்தார். அதற்கடுத்தவருக்கும் அழைத்தார். எதிர்க் கடைக்காரர் கேட்டார், விஷயம் தெரிந்துகொண்டார், தானும் அப்படியே செய்தார். பஜாரில் வேலை பழகியவர்கள் வேறு ஊர்களுக்குப் போய்க் கடை போட்டபோது அந்த வழக்கமும் கூடவே போனது.

அன்று முதல்தான், அந்தச் சீமையில் ஒரு குடும்பத்துப் போனை விட்டு மறு குடும்பத்துப் போனுக்கு யார் மாறினாலும், கடைக்காரர் தன் போனிலிருந்து ஒரு முறை அழைத்து, "கேக்குதா?" என்று கேட்டு, "கேக்குது" என்ற பதில் வந்த பிறகே அவர்களைப் படியிறங்க விடுகிறார்.