நாள் பார்த்துத் தந்த சம்பளம்

“மூன்று மாதமாக அடுப்பு ஊதுகிறேன். சம்பளம் கேட்டால் பஞ்சாங்கத்தைக் காட்டுகிறார். அந்த ஓலையை நனைத்துப் பிழிந்து வீட்டில் கஞ்சி காய்ச்சவா?”

அரண்மனைச் சமையற்காரி அரியநாச்சி கொல்லைப்புறத்தில் கத்தியது இது. வாயிற்காவலன் அதை ஓர் எழுத்து விடாமல் சபையில் ஒப்பித்தான். அவனுக்கும் மூன்று மாதமாகச் சம்பளம் இல்லை. அதனால் சற்று உரக்கவே ஒப்பித்தான்.

வெகு காலத்துக்கு முன்னால் குன்றையூர் நாட்டை உக்கிரசேனன் என்ற ராஜா ஆண்டான். கெட்டவன் இல்லை. யார் கடைசியாகப் பேசினாலும் அவர் சொன்னதே சரி என்பான், அவ்வளவுதான். பெரும்பாலும் கடைசியாகப் பேசுகிறவர் ராணியின் தம்பி திருமேனிராயர். சம்பள அதிகாரி அவர்தான். எப்படி ஆனார் என்று கேட்காதீர்கள், ராணியின் தம்பி என்றுதான் சொன்னேனே.

ராயருக்கு ஒரு கொள்கை. செவ்வாய், வெள்ளி காசு வெளியே போகக் கூடாது. அஷ்டமி, நவமி கூடாது. ராகுகாலம், எமகண்டம் கூடாது. ராஜாவின் நட்சத்திரத்துக்குச் சந்திராஷ்டமம் என்றால் கருவூலத்துப் பக்கம் தலைவைத்துப் படுக்கவும் கூடாது. மிச்சமிருக்கிற நாளில் அவருக்குத் தலைவலி.

“அத்தான், என் நிர்வாகத்தில் மூன்று மாதமாக ஒரு காசு வெளியே போகவில்லை. கருவூலம் தளும்புகிறது” என்றார் ராயர், சபை நடுவில் மீசையைத் தடவிக்கொண்டு.

அரியநாச்சியை அழைத்து வந்தார்கள்.

“தளும்புவது எங்கள் காசு, ராஜா” என்றாள். “மளிகைக்காரர் கடன் பாக்கிக்காக இன்று விளக்கு வைக்கும் நேரத்துக்கு வந்து என் கறவை மாட்டை அவிழ்த்துக்கொண்டு போவதாகச் சொல்லிவிட்டார். அந்தப் பாலை விற்றுத்தான் இந்த மூன்று மாதம் பிள்ளைகளுக்குச் சோறு.”

“அதற்காக வெள்ளிக்கிழமையில் லட்சுமியை வெளியே தள்ளவா?” என்றார் ராயர். “கரண்டி பிடிக்கிறவளுக்குக் கருவூலம் புரியுமா?”

ராஜாவுக்கு வேடிக்கை பார்க்கும் ஆசை வந்துவிட்டது. “அரியநாச்சி, நாள் பார்ப்பது தப்பு என்று ராயர் வாயாலேயே இன்று சொல்லவை. எல்லோருக்கும் இன்றே சம்பளம். முடியாவிட்டால் இனி ஒருவரும் வாய் திறக்கக் கூடாது.”

“ஆகட்டும். ராயர் அந்தப் பஞ்சாங்கத்தைக் கொஞ்சம் கடன் கொடுத்தால் போதும்.”

மதியம் ராஜாவும் ராயரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். இலை வந்தது. தண்ணீர் தெளித்தாயிற்று. அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. உள்ளே நெய் உருக்கிய வாசனை மட்டும் மூக்கைத் துளைத்தது.

“சமைக்கவில்லையா?” என்றான் ராஜா.

“ஆயிற்று” என்று அரியநாச்சி பஞ்சாங்கத்தைப் பிரித்தாள். “கத்திரிக்காய்ப் பொரியல், மிளகு ரசம், பால் பாயசம். ஆனால் இன்று வெள்ளி, போதாததற்கு நவமி. அன்னமும் லட்சுமிதானே, எப்படி வெளியே அனுப்புவது? கவலை வேண்டாம் ராஜா, உங்கள் சாப்பாடு எங்கேயும் போகாது. பானை தளும்புகிறது.”

ராஜா ராயரைப் பார்த்தான். ராயர் இலையைப் பார்த்தார்.

“இதோ பரிமாறுகிறேன்” என்றாள் அரியநாச்சி. “நாள் பார்க்காமல் போடலாம் என்று ராயர் ஒரு வார்த்தை சொல்லட்டும்.”

ராயர் சொல்லவில்லை. பந்தயத்தில் தோற்கிற ஆளா அவர்? காலை மாற்றி மாற்றிப் போட்டார். வெயில் சாய ஆரம்பித்தது. ராஜாவின் வயிறு இரைவது பந்திக்கே கேட்டது. அரியநாச்சிக்கும் இருப்புக்கொள்ளவில்லை, வாசலைப் பார்ப்பாள், நிழலைப் பார்ப்பாள், உள்ளே போவாள். கடைசியில் பாயசப் பாத்திரத்தின் மூடியை லேசாகத் திறந்து வைத்தாள். ஏலக்காய் வாசனை பந்தி முழுக்கப் பரவியது.

“பசிக்கு ஏது நாளும் கிழமையும், எடுத்துப் போடுங்கள்” என்று சீறினார் ராயர்.

“இன்னொரு தடவை சொல்லும்” என்றான் ராஜா.

முதல் தடவையே எல்லோர் காதிலும் விழுந்திருந்தது.

ராஜா சாப்பிட்ட கையோடு கருவூலத்தைத் திறக்கச் சொன்னான். திறந்தார்கள். யாருக்கு எவ்வளவு என்று கேட்டால் ராயர் முழிக்கிறார். கொடுக்கவே போவதில்லை என்னும்போது எழுதுவானேன் என்று வருகை ஓலையை அவர் தொடவே இல்லை.

“சமையற்கட்டுக்கு வாருங்கள்” என்றாள் அரியநாச்சி.

அடுப்புக்கு மேலே சுவர் முழுக்கக் கரிக்கோடு. வேலைக்கு வருகிற ஒவ்வொருவருக்கும் மதியக் கஞ்சி அவள் கையால்தான். ஊற்றும்போதே ஆளுக்கு ஒரு கோடு. ஆளுக்கு ஓர் அடையாளம்: யானைப்பாகனுக்கு வளைந்த தும்பிக்கை, சலவைக்காரருக்கு முடிச்சு.

ஒரு வரிசை பாதியில் நின்றிருந்தது. “இது?”

“குதிரைக்காரர் சடையப்பர். பதினெட்டு நாள் வந்தார், பிறகு காய்ச்சலில் போய்விட்டார். பதினெட்டு நாள் கூலி அவர் மனைவிக்குச் சேர வேண்டும்.”

ராஜா கழுத்து முத்துமாலையைக் கழற்றி நீட்டினான்.

“அது இனாம், ராஜா. நான் கேட்டது சம்பளம்.”

“இனிமேல் சம்பள அதிகாரி நீதான்” என்றான் ராஜா, மாலையை அசடு வழியத் திரும்ப மாட்டிக்கொண்டு. “ராயர் உன் கீழே. சுவரில் உள்ள வரிசைப்படி, ஒவ்வொருவர் கையிலும் அவரே குனிந்து கொடுக்கட்டும். வரிசை மாறக் கூடாது.” சொல்லிவிட்டுத் தூங்கப் போனான்.

ராயர் குனிந்தார். எண்ணினார். தப்பாக எண்ணி மறுபடி எண்ணினார். நாற்பது பேர் வரிசை. சமைக்கிறவள் கடைசியில் சாப்பிடுவதால் அரியநாச்சியின் கோடு சுவரின் அடியில் இருந்தது. அடையாளங்களைப் படித்துச் சொல்ல அவளை விட்டால் ஆளில்லை, நகர முடியாது. வெளியே முதல் விளக்கு ஏற்றிவிட்டார்கள்.

“யாராவது என் வீட்டுக்கு ஓடுங்களேன். பணம் வருகிறது என்று அந்த மளிகைக்காரரிடம் சொல்லுங்கள்” என்றாள்.

மூன்று மாதம் காத்திருந்த வரிசை. இடத்தை விட்டு ஒருவரும் அசையவில்லை. வாயிற்காவலன்கூடத் தன் முறைக்கு இன்னும் எத்தனை பேர் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அடுத்தது யானைப்பாகன், எழுபத்தொரு நாள்” என்று படித்துவிட்டு, திரும்பிப் பார்த்து மறுபடி சொன்னாள்: “யாராவது ஒருத்தர், மாட்டை அவிழ்க்க வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்களேன்.”