முழுப் பட்டை

நெல்லையப்பன் மடத்துக்கு வந்தபோது சிவகாமியம்மை ஒரு மருதமரத்துக்கு மண் பூசிக்கொண்டிருந்தார்.

அந்த ஆற்றங்கரை மடத்தில் அம்மைக்குச் சீடர்கள் அதிகமில்லை. இருக்கிறவர்களில் மூத்தவர் நெல்லையப்பன். அம்மையைவிடப் பத்து வயது கூட. இருதயத்துக்கு மருந்து செய்கிற கம்பெனியில் சரக்கு வாங்கும் பொறுப்பு அவருடையது. அந்த மருந்துக்கு மூலச் சரக்கு மருதம்பட்டைதான்.

"கும்பிடுதேன்மா."

"வாங்க அண்ணாச்சி. அந்த வாளியை இங்கன தள்ளுங்க."

வாளியில் சாணமும் களிமண்ணும் குழைத்து வைத்திருந்தது. அம்மை அள்ளி அள்ளி அப்பினார். மரத்தின் நடுவில் ஒரு முழ உயரத்துக்குச் சுற்றிலும் பட்டையே இல்லை. உள்மரம் வெளுத்துத் தெரிந்தது.

நெல்லையப்பன் வந்த விஷயத்தைச் சொன்னார்.

"எம் மனசு சரியில்லம்மா. கரை நெடுக மரம் காயுதுன்னு பேசுதாக. எங்க கம்பெனியைத்தான் ஏசுதாக. நாங்க ஒரு மரத்தையும் தொட்டதில்ல. திருட்டுப் பட்டை வாங்குனதில்ல. அனுமதி உள்ள ஆளுககிட்ட, கேட்ட விலையக் குடுத்துத்தான் வாங்குதோம். இந்த வருசத்துக் கொள்முதலுக்கு நாளைக்கு நான் கையெழுத்துப் போடணும். போடலாமா?"

"பட்டை எப்படி இருந்தா எடுத்துக்கிடுவீங்க?"

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதென்றால் அவருக்குக் கொண்டாட்டம்.

"முழுசா இருக்கணும். துண்டு துணுக்கு வாங்குததில்ல. துண்டுன்னா வேற மரத்துப் பட்டையக் கலந்துருவான். சுருள் உடையாம வந்தா, பார்த்த உடனே மருதம்னு தெரிஞ்சிரும். சீக்காளி சாப்பிடுத மருந்துல்லா? அந்த விதி நான் போட்டது."

சொல்லும்போது முகத்தில் பெருமை. பெருமைப்பட நியாயமும் உண்டு. கிடைத்ததையெல்லாம் பொடித்து விற்கிற வியாபாரத்தில் அவ்வளவு கறாராக இருந்தவர் அவர் ஒருவர்தான்.

"மரத்துல இருந்து எப்படி உரிப்பாகன்னு பார்த்திருக்கீங்களா?"

"இல்லம்மா. நான் குடோன்லதான் பார்ப்பேன்."

"முன்னாடி ஒரு பக்கம் மட்டும், உள்ளங்கை அகலத்துக்கு எடுப்பாக. அந்தப் புண்ணுல சாணமும் மண்ணும் பூசுவாக. புண்ணு மூடுத வரைக்கும் அந்த மரத்துப் பக்கமே வரமாட்டாக. உள்ளங்கை அகலத்துப் பட்டை முழுச் சுருளா வருமா, அண்ணாச்சி?"

அவர் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தார்.

"முழுச் சுருளைத்தான் நீங்க வாங்குவீங்கன்னா, உரிக்குதவுக என்ன செய்வாக? சுத்தி உரிச்சாக."

நெல்லையப்பன் மரத்தைச் சுற்றி வந்தார். ஒரு நூல் அளவுக்காவது பட்டை மிச்சமிருக்கிறதா என்று பார்த்தார். இல்லை. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை என்று ஊரார் காரியத்துக்கெல்லாம் சொல்லிச் சிரித்தவர்தான். தான் பிடித்த குரங்கு கரை நெடுக நிற்பதை அன்றைக்குத்தான் பார்த்தார். அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

"கலப்படம் வந்துரக் கூடாதேன்னுதாம்மா..."

"தெரியும்."

கொஞ்ச நேரம் கழித்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாளைக்கே விதியை மாத்திருதேன். உள்ளங்கை அகலத் துண்டுதான் வாங்குவோம். கலப்படம் இருக்கான்னு நாங்களே சோதிச்சுக்கிடுதோம். எப்படி உரிக்காகன்னு நானே கரைக்கு வந்து பாக்கேன். முதலாளி ஒத்துக்கலன்னா கையெழுத்து கிடையாது."

"செய்யுங்க. மத்த மரத்துக்கு ஆகும்."

"இதுக்கு?"

அம்மை வாளியின் அடியில் ஒட்டியிருந்த மண்ணை வழித்தார். நெல்லையப்பன் அண்ணாந்து பார்த்தார். மரம் நிறைய இலை. கிளை நுனியெல்லாம் மொட்டு.

"பச்சையாத்தான இருக்கு? மொட்டுகூட விட்டிருக்கு. பிழைச்சுக்கிடும்லா?"

"வேரு தண்ணியை மேல அனுப்பிக்கிட்டுத்தான் இருக்கு. இலை ஆக்குத சோறு பட்டை வழியாத்தான் கீழ இறங்கணும். அதுக்கு வழியில்ல. வேரு பட்டினி கெடந்துக்கிட்டுத் தண்ணி குடுக்கு. முடிஞ்ச மட்டும் குடுக்கும்."

"அப்பம் எதுக்கும்மா இன்னும் பூசுதீங்க?"

"பூசாம இருக்க முடியல."

அம்மை ஆற்றில் இறங்கிக் கை கழுவினார். மண் கரைந்து தண்ணீரில் போயிற்று. நெல்லையப்பன் கரையிலேயே நின்றார்.

"இதுக்கு நான் என்னம்மா செய்யட்டும்?"

"செத்துக்கிட்டிருக்கோம்னு அந்த மரத்துக்கு இன்னும் தெரியாது அண்ணாச்சி. இந்த வருசமும் பூக்கப் போறோம்னு நிக்கு. நீங்க போய் அதுகிட்டச் சொல்லிட்டு வாங்க."